கொடுக்கலாமா, கூடாதா: மருந்துக்கடையில் புதிதாகப் பணியேற்கும் மருந்தாளுநருக்கு

இரண்டாண்டு டி.பார்ம் படிப்பையும் 500 மணி நேரப் பயிற்சியையும் முடித்து, தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பெயரைப் பதிந்துகொண்டு, முதன்முதலாக ஒரு மருந்துக்கடையின் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவருக்கு, எந்த மருந்து எந்தத் தட்டில் இருக்கிறது என்பது ஒரு மாதத்தில் மனப்பாடமாகிவிடும். கிளினிக்குகள் நிறைந்திருக்கும் மாலை வேளையில், நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் சீட்டை நீட்டிக்கொண்டிருக்கும்போது, இந்த மருந்தை இந்த மனிதருக்கு இப்போது கொடுக்கலாமா என்று தீர்மானிப்பதைக் கற்றுக்கொள்ளத்தான் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்தத் தீர்மானத்தை எப்படிப் படிப்படியாக எடுப்பது என்பதை இங்கே எழுதுகிறேன். சிற்றூர்க் கடை ஒன்றில் நீண்ட காலம் நின்றதில் எனக்கு ஒன்று தெளிவாகியிருக்கிறது. மருந்தைக் கொடுக்க மறுப்பது பாதி வேலைதான். மறுக்கப்பட்டவர் அடுத்து எங்கே போக வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்பினால்தான் அந்த வேலை முடிகிறது. "இல்லை" என்ற ஒரே சொல்லோடு திருப்பி அனுப்பப்பட்டவர் பெரும்பாலும் அடுத்த தெருக் கடையில் அதே மருந்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

முதற்படி: அலமாரிக்குக் கை போகும் முன் கேட்க வேண்டியவை

நம் ஊரில் மருந்து வாங்க வருபவரே நோயாளியாக இருப்பார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மாமியாருக்கு மருமகள் வருவார், அம்மாவுக்குப் பள்ளிச் சீருடையோடு பிள்ளை வரும், தோட்டத்து முதலாளிக்கு ஓட்டுநர் வருவார். ஆகவே முதல் கேள்வி "யாருக்கும்மா?" என்பதாக இருக்கட்டும். அடுத்து வயதையும், குழந்தையென்றால் எடையையும், தொந்தரவு எத்தனை நாளாக இருக்கிறது என்பதையும் கேளுங்கள். ஏதாவது மருந்து முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா, பெண்ணென்றால் கர்ப்பமாகவோ பாலூட்டிக்கொண்டோ இருக்கிறாரா என்பதும் தெரிய வேண்டும்.

இவற்றில் மிகவும் கவனமாகக் கேட்க வேண்டியது, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார்கள் என்ற கேள்வி. "வேற மருந்து ஏதும் உண்டா?" என்று பொதுவாகக் கேட்டால் "ஒண்ணுமில்லீங்க" என்ற பதில்தான் வரும், ஏனென்றால் பத்து வருடமாகச் சாப்பிடும் சர்க்கரை மாத்திரையை யாரும் மருந்தாக நினைப்பதில்லை. "சுகருக்கு, பிரஷருக்கு, தைராய்டுக்கு, இதயத்துக்கு ஏதாவது மாத்திரை போடுறாங்களா?" என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டால் உண்மை வெளிவரும். இரத்தம் உறையாமல் இருக்க அசினோகுமரால் அல்லது வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு மூட்டு வலிக்கென்று டைக்ளோஃபெனாக் கொடுத்துவிட்டால், குடலில் இரத்தக்கசிவு ஏற்படக்கூடும். அந்த ஆபத்தை நீங்கள் கேட்கும் இந்த ஒரு கேள்வி தடுத்துவிடும்.

பாராசிட்டமால் போன்ற எளிய மருந்துக்கும் இந்தக் கேள்வி தேவைப்படுகிறது. காய்ச்சலுக்கு 650 மில்லிகிராம் மாத்திரையை மூன்று வேளை போடும் ஒருவர், முதுகுவலிக்கு வேறொரு மருத்துவர் எழுதிய அசெக்ளோஃபெனாக்கும் 325 மில்லிகிராம் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரையை இரண்டு வேளையும், சளிக்கென்று தானே வாங்கிய 500 மில்லிகிராம் பாராசிட்டமால் கலந்த மாத்திரையை மூன்று வேளையும் போட்டால், ஒரு நாளின் மொத்தம் 4,100 மில்லிகிராம் ஆகிவிடும். பெரியவர்களுக்கான உச்ச அளவான 4 கிராமை அவர் தாண்டிவிட்டார். மூன்று அட்டைகளிலும் மூன்று வெவ்வேறு பெயர்கள் இருப்பதால் அவருக்கு இது தெரிய வழியில்லை. கவுண்டரில் நிற்கும் நம்மால்தான் இதைக் கண்டுபிடிக்க முடியும்.

சட்டம் போட்டிருக்கும் கோடு

மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் 1940-ஆம் ஆண்டினுடையது. அதன் விதிகள் 1945-இல் வந்தவை. அந்த விதிகளில் 65-ஆம் விதியை ஒருமுறையாவது முழுமையாகப் படித்துவிடுங்கள். அட்டவணை எச், எச்1, எக்ஸ் ஆகியவற்றில் உள்ள மருந்துகளைப் பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் சில்லறையாக விற்கக் கூடாது. எச்1 மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு வைத்து, சீட்டு எழுதிய மருத்துவரின் பெயரும் முகவரியும், நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், கொடுத்த அளவு ஆகியவற்றை எழுதி, மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும். செஃபிக்சிம், லெவோஃப்ளாக்சசின் போன்ற கிருமிக்கொல்லிகளும், காசநோய் மருந்துகளும், அல்பிரசோலம், சோல்பிடெம், டிரமடால் ஆகியவையும் இந்தப் பட்டியலில் இருக்கின்றன. அட்டையில் சிவப்புக் கோட்டுப் பெட்டிக்குள் எச்சரிக்கை வாசகம் இருந்தால் அது எச்1 என்று கண்டுகொள்ளலாம்.

சீட்டில் மருத்துவரின் கையொப்பமும் தேதியும், நோயாளியின் பெயரும் முகவரியும், மருந்தின் மொத்த அளவும் ஒரு வேளைக்கான அளவும் இருக்க வேண்டும். மறுபடியும் கொடுக்கலாம் என்று மருத்துவர் எழுதியிருந்தாலொழிய ஒரு சீட்டுக்கு ஒருமுறைதான் மருந்து கொடுக்கலாம். கொடுத்ததும் மருத்துவரின் கையொப்பத்துக்கு மேலே கடையின் பெயரையும் முகவரியையும் தேதியையும் குறிக்க வேண்டும். பெரும்பாலான கடைகளில் இந்த முத்திரையை யாரும் குத்துவதில்லை. நீங்கள் குத்துங்கள். ஒரே சீட்டைக் காட்டி நான்கு கடைகளில் தூக்க மாத்திரை வாங்குபவரைத் தடுக்க அது ஒன்றே எளிய வழி.

சீட்டில் சந்தேகம் வந்தால்

மருத்துவர்கள் மருந்தின் பெயரைத் தெளிவாக, முடிந்தவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று 2016-இல் அப்போதைய இந்திய மருத்துவக் கவுன்சில் விதி திருத்தியது. ஆனாலும் நம் கைக்கு வரும் சீட்டுகளில் பல இன்னும் ஊகித்துத்தான் படிக்க வேண்டியவையாக இருக்கின்றன. ஊகம் செய்யாதீர்கள் என்று சொல்வது எளிது. நடைமுறையில் ஊகம் தானாக வந்துவிடுகிறது, ஏனென்றால் பழகிய கண் பாதி எழுத்தைப் பார்த்ததுமே மீதியை நிரப்பிக்கொள்கிறது. அதனால் படித்த மருந்து நோயாளி சொல்லும் தொந்தரவோடு பொருந்துகிறதா என்று ஒவ்வொரு சீட்டிலும் ஒத்துப் பாருங்கள். தைராய்டு அதிகமாகச் சுரப்பவருக்கு எழுதும் கார்பிமசோலும் வலிப்புக்கு எழுதும் கார்பமசெபினும் கிறுக்கல் எழுத்தில் ஒன்றுபோலவே தெரியும். "எதுக்குங்க டாக்டரைப் பார்த்தீங்க?" என்று கேட்டால் அந்தக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

புதியவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு மருந்து மெத்தோட்ரெக்சேட். முடக்குவாதத்துக்கும் சோரியாசிஸுக்கும் இது வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் கொடுக்கப்படுகிறது. நம் நாட்டில் கிட்டத்தட்ட எல்லா மாத்திரையும் தினசரி மாத்திரை என்பதால், எழுதுபவர், கொடுப்பவர், சாப்பிடுபவர் ஆகிய மூவரில் யார் வேண்டுமானாலும் இதைத் தினமும் என்று மாற்றிவிட முடியும். தினமும் சாப்பிட்டால் சில நாட்களிலேயே வாய்ப்புண் வரும், இரத்த அணுக்கள் குறையும், உயிரே போகலாம். மெத்தோட்ரெக்சேட் சீட்டு வந்தால், "வாரம் ஒருமுறை" என்று சீட்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தாலும் எந்தக் கிழமை என்று நோயாளியிடம் கேட்டு, அந்தக் கிழமையின் பெயரைக் கவரில் பெரிதாக எழுதுங்கள். கூடவே எழுதப்படும் ஃபோலிக் அமிலத்தை எந்தக் கிழமையில் போட வேண்டும் என்பதையும் தனியே எழுதுங்கள். வாசிக்கத் தெரியாதவர் என்றால் "புதன்கிழமை சந்தைக்குப் போற அன்னிக்கு மட்டும்" என்பதுபோல அவர் மறக்காத ஒன்றோடு சேர்த்துச் சொல்லுங்கள். அவர் அதைத் திருப்பிச் சொல்லும்வரை கவரைக் கையில் கொடுக்காதீர்கள்.

சந்தேகம் தீராவிட்டால் மருத்துவரை அழைக்க வேண்டும். புதியவர்கள் தயங்கும் இடம் இது. மருத்துவர் எரிந்து விழுவாரோ என்ற அச்சம் எனக்கும் இருந்தது, சிலர் எரிந்தும் விழுந்தார்கள். அழைக்கும்போது குற்றம் சொல்வதுபோல் இல்லாமல், விவரத்தோடு தொடங்கினால் பேச்சு சுமுகமாகப் போகும். "வணக்கம் சார், இன்ன மெடிக்கல்லிலிருந்து பேசுறேன். இன்று காலை பார்த்த 62 வயது அம்மாவுக்கு மெத்தோட்ரெக்சேட் 7.5 எழுதியிருக்கீங்க, தினமும் ஒன்று என்று இருக்கு சார், வாரம் ஒருமுறையான்னு உறுதி பண்ணிக்கத்தான் கூப்பிட்டேன்" என்று சொன்னால், எவ்வளவு அவசரத்தில் இருப்பவரும் நின்று கேட்பார். அவர் சொன்னதைச் சீட்டின் ஓரத்தில் தேதியும் நேரமும் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவரைப் பிடிக்க முடியாவிட்டால், சந்தேகமில்லாத மருந்துகளைக் கொடுத்து, சந்தேகமுள்ளதை மட்டும் நிறுத்திவைத்து, காரணத்தை நோயாளிக்குச் சொல்லி, மறுநாள் காலைக்குள் முடிவு சொல்வதாக அவருடைய எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அவர் அலைய வேண்டியிருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் தவறான மாத்திரையைக் கொடுத்தனுப்புவதைவிட அது நல்லது.

சீட்டே இல்லாமல் வருபவர்

"ஜுரத்துக்கு ரெண்டு வேளைக்கு மாத்திரை குடுங்க" என்று கேட்பவர்கள்தான் ஒரு நாளில் மிக அதிகமாக வருவார்கள். அவர்களுக்குப் பாராசிட்டமாலோடு ஒரு கிருமிக்கொல்லியும் ஒரு ஸ்டீராய்டும் சேர்த்து, வெட்டிய மாத்திரைகளைச் சின்னக் கவரில் போட்டு "செட்டு" என்று கொடுக்கும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அதை ஒருபோதும் செய்யாதீர்கள். ஸ்டீராய்டு காய்ச்சலை ஒரு நாள் அடக்கும், நோயாளி குணமாகிவிட்டதாக நினைப்பார், உள்ளே நோய் வளர்ந்துகொண்டிருக்கும். இரண்டு நாளைக்கு மட்டும் கொடுக்கும் அசித்ரோமைசின் கிருமிக்கு எதிர்ப்பாற்றலைக் கற்றுக்கொடுக்கும். மேலும் அப்படி வெட்டிக் கொடுத்த மாத்திரையில் பெயரோ காலாவதித் தேதியோ இருக்காது. ஒவ்வாமை வந்து மருத்துவமனைக்குப் போனால், என்ன சாப்பிட்டார் என்று அங்குள்ளவர்களுக்குச் சொல்ல யாராலும் முடியாது.

பாராசிட்டமாலை மட்டும் கொடுத்து, மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்வதே சரியான பதில். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: டெங்குவாக இருக்கக்கூடும் என்பதால் ஐப்யூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதையும் தொடக் கூடாது. காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு இவற்றில் ஏதாவது வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டெங்குவில் காய்ச்சல் விடும் நாளில்தான் ஆபத்து தொடங்குகிறது என்பது பலருக்குத் தெரியாது. காய்ச்சல் விட்டதே என்று வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

சில கேள்விகள் சாதாரணமாகத் தெரிந்தாலும் அவற்றுக்குப் பின்னால் பெரிய நோய் இருக்கலாம். நடுவயது ஆண் ஒருவர் வியர்த்துப்போய் வந்து, "நெஞ்சு கரிக்குது, கேஸுக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டால், ஆன்டாசிட் பாட்டிலுக்குக் கை போகும் முன் அவரை உட்காரவையுங்கள். வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா, நடந்தால் கூடுகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று கேளுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு வெறும் களைப்பாகவோ வயிற்றுத் தொந்தரவாகவோகூட வரலாம். சந்தேகம் இருந்தால் 108-ஐ நீங்களே அழையுங்கள், அவரைத் தனியாக வண்டி ஓட்டிப் போக விடாதீர்கள். அழைத்த பிறகு வாயுத் தொந்தரவுதான் என்று தெரியவந்தாலும் அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதேபோல் மூன்றாவது முறையாக இருமல் டானிக் கேட்டு வருபவரிடம் எத்தனை வாரமாக இருமல் என்று கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் என்றால் அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகச் சளிப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்ல வேண்டும். காசநோய் மருந்து வாங்கும் ஒவ்வொருவரின் விவரத்தையும் அரசுக்குத் தெரிவிப்பது 2018-இலிருந்து கடைகளுக்கும் கட்டாயம். அரசின் காசநோய்ப் பதிவுத் தளமான நிக்ஷயில் அதைப் பதியலாம்.

தோல் படைக்கு "அந்த டியூப் ஒண்ணு" என்று கேட்பவரைப் பற்றி எனக்கு மிகுந்த கவலை உண்டு. குளோபீட்டசால் போன்ற வலுவான ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் கிருமிக்கொல்லியும் கலந்த களிம்பைத் தடவினால் அரிப்பு இரண்டு நாளில் அடங்கிவிடுகிறது. ஆனால் பூஞ்சை அடங்காமல் தொடைக்கும் இடுப்புக்கும் முகத்துக்கும் பரவுகிறது, வீட்டில் எல்லோருக்கும் ஒட்டுகிறது, வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாமல் போகிறது. இதனால்தான் 2018-இல் இந்த ஸ்டீராய்டு களிம்புகள் அட்டவணை எச்-இல் சேர்க்கப்பட்டன. சீட்டில்லாமல் வருபவருக்கு இதை மறுத்து, ஸ்டீராய்டு கலக்காத குளோட்ரிமசோல் களிம்பைக் கொடுத்து, படை மறைந்த பிறகும் மருத்துவர் சொல்லும் காலம்வரை தடவச் சொல்லி, பரவியிருந்தால் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அனுப்புங்கள். முகம் வெளுக்க என்று கல்லூரிப் பெண்கள் கேட்கும் களிம்புகளிலும் ஸ்டீராய்டு இருக்கிறது. அவர்களிடம் கடிந்துகொள்ளாமல், தோல் மெலிந்து சிவந்துபோகும் என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

பழைய சீட்டு, தீர்ந்த மாத்திரை

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, வலிப்புக்குச் சோடியம் வால்ப்ரோயேட் சாப்பிடும் இளைஞரின் தந்தை எட்டு மாதத்துக்கு முந்தைய சீட்டோடு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை காலையிலேயே தீர்ந்துவிட்டது. சட்டப்படி அந்தச் சீட்டு முடிந்துபோனது. ஆனால் மருந்து விட்டுப்போனால் இரவிலேயே வலிப்பு வரலாம். பிரிட்டனில் இத்தகைய நேரத்தில் மருந்தாளுநர் தம் பொறுப்பில் அவசரமாகக் கொடுப்பதற்கு 2012-ஆம் ஆண்டு விதிகளில் இடம் இருக்கிறது. நம் விதிகளில் அப்படி ஒன்று இல்லை. இருக்க வேண்டும் என்பது என் கருத்து. இல்லாதவரை நாம் செய்யக்கூடியவை சில உண்டு. சீட்டிலுள்ள எண்ணில் மருத்துவரை அழையுங்கள். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி அவர் கையொப்பமிட்ட சீட்டைப் படமாக அனுப்பினால் அது செல்லும், போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்துகளுக்கும் அட்டவணை எக்ஸ் மருந்துகளுக்கும் மட்டும் செல்லாது. அவர் கிடைக்காவிட்டால், காலி அட்டையையும் பழைய சீட்டையும் கையில் கொடுத்து, அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு இரவு முழுவதும் திறந்திருக்கும் என்று சொல்லி, "வலிப்பு மாத்திரை ஒரு வேளை விட்டுப்போயிருக்கிறது" என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். காலையில் அழைத்து, கிடைத்ததா என்று கேளுங்கள்.

தூக்க மாத்திரை கேட்டு வரும் வயதானவரும் இதே போன்றவர்தான். ஆண்டுக்கணக்கில் அல்பிரசோலம் சாப்பிட்டவர் அதைத் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் சில நேரம் வலிப்பும் வரும். சீட்டில்லாமல் கொடுக்க முடியாது என்று சொல்லும்போதே, இதைத் தானாக நிறுத்தக் கூடாது, மருத்துவர் மெல்ல மெல்லக் குறைப்பார் என்பதையும் சொல்லி, எங்கே போக வேண்டும் என்று காட்டுங்கள்.

இளைஞர்கள் இருவர் மூவராக வந்து டாபென்டடால் போன்ற வலி மாத்திரையை அட்டை அட்டையாகக் கேட்பது வேறு கதை. அதைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் தமிழ்நாட்டின் பல ஊர்களில் பரவியிருக்கிறது. "ஸ்டாக் இல்லை தம்பி" என்று அமைதியாகச் சொல்லி முடித்துக்கொள்ளுங்கள். வாக்குவாதம் வேண்டாம், தனியாக நின்று எதிர்க்கவும் வேண்டாம். திரும்பத் திரும்ப வந்தால் மருந்து ஆய்வாளருக்குத் தெரிவியுங்கள். உண்மையான வலி நோயாளியை, குறிப்பாகப் புற்றுநோய் நோயாளியை, இந்த அச்சத்தால் சந்தேகித்துவிடாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறு கம்பெனி மருந்தும் கையில் இல்லாத பணமும்

சீட்டில் எழுதிய பிராண்டு கடையில் இல்லாதபோது "இதே மருந்துதான், வேற கம்பெனி" என்று கொடுப்பது எங்கும் நடப்பதுதான். ஆனால் அட்டவணை எச், எச்1, எக்ஸ் மருந்துகளுக்கு, உட்பொருள் ஒன்றாகவே இருந்தாலும், எழுதியதற்குப் பதில் வேறொன்றைக் கொடுக்க விதி இடம் தருவதில்லை. மருத்துவரை அழைத்து ஒப்புதல் வாங்கி, சீட்டில் குறித்த பிறகே மாற்றுங்கள். வலிப்பு மருந்து, தைராக்சின், வார்ஃபரின் ஆகியவற்றில் ஒப்புதல் கிடைத்தாலும் கவனம் தேவை. அளவில் சிறு மாற்றமும் உடலில் தெரியும் மருந்துகள் இவை. மருத்துவர் மூலப்பெயரில் எழுதியிருந்தால் எந்த நிறுவனத்தின் மருந்து என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். அப்போது நோயாளியின் பணப்பையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், கடைக்குக் கிடைக்கும் கழிவைப் பார்த்தல்ல.

முப்பது நாள் மருந்துக்குப் பணம் போதாமல் நிற்பவர் எதை விடுவது என்று தாமே முடிவு செய்வார், பெரும்பாலும் விலை கூடியதை விட்டுவிடுவார். அது இதய மாத்திரையாக இருக்கும். வைட்டமினை வாங்கிக்கொண்டு போவார். அவர் வாய்விட்டுச் சொல்லும் முன்பே, எல்லா மருந்தையும் பத்து நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். எதை விட்டாலும் எதை விடக் கூடாது என்றும் சொல்லுங்கள். 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. மக்கள் மருந்தகங்களும் இருக்கின்றன. உங்கள் கடையின் வியாபாரம் போகுமே என்று தயங்காமல் அவற்றின் வழியைச் சொல்லுங்கள். உதிரியாகக் கொடுக்கும்போது மாத்திரைக் கணக்குக்குரிய விலைக்கு மேல் வாங்கக் கூடாது. காலாவதித் தேதி அச்சிட்ட பக்கம் கடையில் மிஞ்சும்படி அட்டையை வெட்டி, பெயரையும் தொகுதி எண்ணையும் தேதியையும் கவரில் எழுதிக் கொடுங்கள்.

குழந்தைக்கு மருந்து

இங்கே ஒரு மில்லிலிட்டர்கூட முக்கியம். பாராசிட்டமால் நம் கடைகளில் மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் கொண்ட சொட்டு மருந்தாகவும், 5 மில்லிலிட்டருக்கு 125 மில்லிகிராம், 250 மில்லிகிராம் கொண்ட இரண்டு சிரப்புகளாகவும் இருக்கிறது. எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது ஒரு வேளை அளவு. பத்துக் கிலோ குழந்தைக்கு அது சொட்டு மருந்தில் 1 முதல் 1.5 மில்லிலிட்டர், 125 சிரப்பில் 4 முதல் 6 மில்லிலிட்டர், 250 சிரப்பில் 2 முதல் 3 மில்லிலிட்டர். சென்ற முறை 5 மில்லிலிட்டர் கொடுத்தோமே என்று சொட்டு மருந்தையும் 5 மில்லிலிட்டர் கொடுத்துவிட்டால் 500 மில்லிகிராம் போய்விடும். பாட்டிலோடு வரும் அளவுச் சிரிஞ்சிலோ மூடியிலோ பேனாவால் கோடு போட்டுக் காட்டுங்கள். வீட்டுத் தேக்கரண்டி வேண்டாம்.

இரண்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்கு இருமல், சளி சிரப் வேண்டாம் என்று 2025 அக்டோபரில் மத்திய அரசு அறிவுறுத்தியது; ஐந்து வயதுவரையும் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சுப்பொருள் கலந்த சிரப்பால் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்த நேரம் அது; அந்தச் சிரப் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது என்பது நம் எல்லோருக்கும் வேதனை. நிமெசுலைடு 12 வயதுக்குக் கீழ் 2011-இலிருந்தே தடை. வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் கேட்டால், பொட்டலத்தில் குறித்த அளவு தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் ஒரே முறையாகக் கரைக்கச் சொல்லுங்கள். டம்ளருக்குக் கொஞ்சம் என்று போடுவது ஆபத்து. ஓஆர்எஸ் போலத் தோன்றும் இனிப்புப் பானங்களை அதற்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள்.

தாழ்ந்த குரலில் கேட்கப்படுபவை

அவசரக் கருத்தடை மாத்திரையைக் கேட்டு ஒரு பெண் வந்தால், கடையில் நிற்கும் மற்றவர்களுக்குக் கேட்கும்படி மருந்தின் பெயரைச் சொல்லாதீர்கள். லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் மாத்திரையைச் சீட்டில்லாமல் விற்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனாலும் நம் மாநிலத்தில் பல கடைகள் அதை வைப்பதே இல்லை. இதில் கடைக்காரரின் கூச்சத்துக்கு இடமில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன், ஏனென்றால் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய மாத்திரை அது, எவ்வளவு சீக்கிரம் போடுகிறாரோ அவ்வளவு நல்லது. உங்கள் கடையில் இல்லையென்றால் எங்கே கிடைக்கும் என்று சொல்லுங்கள். வலிப்புக்கோ காசநோய்க்கோ மருந்து சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள், அவற்றில் சில இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். மாதவிலக்கு ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். கருக்கலைப்பு மாத்திரை முற்றிலும் வேறு. அதைச் சீட்டில்லாமல் கொடுப்பது குற்றம், இரத்தப்போக்கில் உயிர் போகக்கூடியதும்கூட. அதைக் கேட்டு வருபவரை அரசு மருத்துவமனையின் மகப்பேறு பிரிவுக்கு அனுப்புங்கள், வசை இல்லாமல்.

மனைவி என்ன மாத்திரை வாங்கினார் என்று கணவர் கேட்டாலும், பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன நோய் என்று பழகியவர் கேட்டாலும், பதில் ஒன்றுதான்: "அவங்ககிட்டயே கேட்டுக்கோங்க."

முதலாளி "கொடு" என்றால்

வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போவதைப் பார்த்த கடை உரிமையாளர், "நாம குடுக்கலைன்னா அடுத்த கடைக்காரன் குடுக்கப்போறான்" என்பார். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனாலும் பதிவேட்டில் இருப்பது உங்கள் பெயர், தவறு நடந்தால் கவுன்சில் நீக்குவதும் அந்தப் பெயரைத்தான். கூட்டத்துக்கு முன்னால் அவரோடு வாதிடாமல், கடை மூடிய பிறகு, எந்தெந்த மருந்துகளைச் சீட்டில்லாமல் நீங்கள் கொடுக்க மாட்டீர்கள் என்பதை ஒரே முறையாக உட்கார்ந்து பேசிவிடுங்கள். கடையின் பிற ஊழியர்களுக்கும் அது தெரியட்டும். நீங்கள் சாப்பாட்டுக்குப் போயிருக்கும் நேரத்தில் எச்1 மருந்து கொடுக்கப்படக் கூடாது என்பதும் அந்தப் பேச்சில் இருக்க வேண்டும். சான்றிதழை மட்டும் சுவரில் மாட்டிவிட்டு வீட்டில் இருந்தால் மாதச் சம்பளம் தருகிறோம் என்று யாராவது அழைத்தால் போகாதீர்கள்.

தவறு நடந்துவிட்டால்

நடக்கும். எனக்கு நடந்தது. சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு 1 மில்லிகிராம் எழுதியிருந்த பெரியவர் ஒருவருக்கு 2 மில்லிகிராம் அட்டையைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். மறுநாள் காலையில் சரக்கை எண்ணும்போது கணக்கு உதைத்ததால்தான் தெரிந்தது. பில்லில் எண் இருந்தது, அழைத்தேன், எடுக்கவில்லை. கடையை உரிமையாளரிடம் விட்டுவிட்டு வீடு தேடிப் போனேன். காலை மாத்திரையைப் போட்டுவிட்டு, இன்னும் சாப்பிடாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். உடனே சாப்பிடவைத்து, நடந்ததை அவரிடமும் மகளிடமும் மறைக்காமல் சொல்லி, நடுக்கமோ வியர்வையோ வந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கச் சொல்லி, அங்கிருந்தே மருத்துவரை அழைத்து, அவர் சொன்னபடி மாலைவரை சர்க்கரை அளவைப் பார்த்துக்கொண்டோம். அந்தப் பெரியவர் இப்போதும் எங்கள் கடைக்குத்தான் வருகிறார்.

தவறு தெரிந்தவுடன் முதலில் நோயாளியை அடைய வேண்டும், பிறகு மருத்துவரை, பிறகுதான் உரிமையாளரை. மருந்தே ஒத்துக்கொள்ளாமல் போன சந்தேகம் என்றால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் மருந்துப் பக்கவிளைவுக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவிக்கலாம், நோயாளியே நேரடியாகவும் தெரிவிக்கலாம். கடையில் ஒரு நோட்டு வையுங்கள். தேதி, மருந்து, என்ன நடந்தது, ஏன் நடந்தது, அதன் பிறகு எதை மாற்றினோம் என்று ஐந்து வரி போதும். கொடுக்கும் முன்பே கண்டுபிடித்துத் தடுத்த தவறுகளையும் அதில் எழுதுங்கள். அவைதான் எண்ணிக்கையில் அதிகமாக இருக்கும். என் நோட்டில் அந்த நாளின் பதிவில், இரண்டு பெட்டிகளும் ஒரே நிறத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன என்று எழுதியிருக்கிறேன். அன்று மாலையே 1 மில்லிகிராம் பெட்டி மேல்தட்டுக்கும் 2 மில்லிகிராம் பெட்டி கீழ்த்தட்டுக்கும் போயின. இன்றும் அங்கேயேதான் இருக்கின்றன.